தலையில் கை வைத்த அப்பா

காலை ஐந்தரைக்கு மதுரையில் பேருந்து ஏறினேன். தென்காசிக்கு நூற்றறுபது கிலோமீட்டர். மடியில், அட்டைக்குள் வைத்துக் கட்டிய பழைய புகைப்படம். ராஜபாளையம் தாண்டுவதற்குள் நசுங்கிவிட்டதோ என்று நான்கு தடவை பிரித்துப் பார்த்துவிட்டேன். இறந்துபோன அப்பாவுக்கென்று எங்களிடம் இருப்பது அந்த ஒரே படம்தான்.

படத்தில் தென்காசிக் கோயில் கோபுரம். இப்போதைய ஒன்பது நிலைக் கோபுரம் எழும்புவதற்கு முன்பு இருந்த கோலம். நடுவே பிளந்து, இரண்டு மொட்டைச் சுவராக நிற்கிறது. அதன் கீழே இளவயது அப்பா, தலையில் கை வைத்து, வாயைத் திறந்தபடி. பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்த வருஷம் எடுத்ததாம். உடைந்த கோபுரம், தலையில் கை. வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? தங்கை செல்வி புதுவீடு கட்டி, வரும் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறாள். கூடத்தில் இந்தப் படத்தைத்தான் மாட்டுவேன் என்றதும் எனக்குப் பகீரென்றது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். படத்துக்குப் பொருள் சொல்லத் தெரியாது, பயப்படத் தெரியும். "அந்த எடத்தப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன், அதுவரைக்கும் பொறு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஒன்பதே முக்கால், தென்காசி. கோயிலுக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய்.

"சாரல் பிச்சு உதறுது, குத்தாலத்துல குளிக்காம நேரா கோயிலுக்கா?" என்றார் ஓட்டுநர்.

"வழுக்குமே அண்ணே?"

"வழுக்கத்தான் செய்யும். அதுக்குத்தான வாராவ!"

சாரலில் சளி பிடிக்குமென்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். படத்தைக் கையில் எடுத்து, அப்பா நின்ற இடத்தைத் தேடிக்கொண்டே கோபுர வாசலுக்கு நேராகப் போனேன். உள்ளிருந்து வந்தது பாருங்கள் காற்று! ஆளைப் பிடித்துத் தள்ளியது. துண்டு கிளம்பிவிட்டது. சட்டென்று உச்சந்தலையில் கையை வைத்து அமுக்கினேன். வேட்டி ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டது.

"ஏ அண்ணாச்சி, துண்ட விட்றாதிய! ரதவீதியிலதான் போய்ப் பொறக்கணும்!" வாசலோரம் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரித்தார். பிறகு என் இன்னொரு கையைப் பார்த்தார். "அதென்ன போட்டோ? இங்கன காட்டுங்க."

காட்டினேன். அப்பா கதையையும் சொன்னேன்.

"அழுதாவளா? நல்லா இருக்கே! உங்கள மாதிரிதான துண்டப் பிடிச்சிட்டு நிக்காவ. வேட்டியப் பாருங்க, எந்தப் பக்கம் பறக்கு?"

பார்த்தேன். வாசலுக்கு எதிர்ப்பக்கம். கைக்கு அடியில் வெள்ளையாகத் தெரிவதைப் படத்தில் விழுந்த கறை என்றே இத்தனை வருஷம் நம்பியிருந்தோம். அது துண்டின் நுனி. வாய் திறந்திருந்தது. ஓலமிடுகிற வாய் என்று நினைத்தேனே, மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரிகிறது!

அங்கேயே நின்று செல்வியைக் கூப்பிட்டேன்.

"அப்பா சிரிக்கிறார்டி! காத்துல துண்டு பறக்குது, பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு!"

"நெசமாவா அண்ணே?"

"பல்லு தெரியுதுடி."

"இருங்க" என்று போனை எங்கோ வைத்தாள். சுவரில் ஆணி இறங்கும் சத்தம் கேட்டது: மூன்று அடி. "புதுச் செவரு, பாத்து!" என்று கத்தினேன். நான்காவது அடியும் விழுந்தது.