பிராண்டேயில் எழுதிய பாட்டு

கிளோறியாவுக்கு இருபத்தாறு வயது. இலங்கையிலிருந்து வந்த தமிழ்ப் பெற்றோருக்கு டென்மார்க்கின் பிராண்டே என்ற ஊரில் பிறந்து, அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். தேவாலயப் பாடகர் குழுவுக்காகப் பன்னிரண்டு வயதில் எடுத்த கிட்டாரை அவள் பிறகு விடவேயில்லை. ஆனால் மனம் போனது அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கன்ட்ரி இசையில். லொறிச் சாரதிகளும் பண்ணைக்காரர்களும் கேட்கிற அந்தப் பாட்டுகளில் தன் வீட்டுக் கதையையும் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. டெனிஷில் எட்டுப் பாட்டு எழுதினாள். ஒன்பதாவது தமிழில் வந்தது.

அது அவளுடைய அம்மா விக்ரோரியாவைப் பற்றியது. காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்றே வேலை செய்தவர் அவர். இறக்கைக்கு ஊற்றும் பிசினின் மணம், வீங்கிய கால், விடியற்காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவது எல்லாம் பாட்டில் இருந்தன.

போன கோடையில் வைலே நகரில் ஒரு கன்ட்ரி இசைவிழா. ஜீன்ஸ் போட்டு மேடையேறிய கிளோறியா அந்தப் பாட்டைக் கடைசியாகப் பாடினாள். மொழி புரியாத சனம் எழுந்து நின்று கைதட்டியது. விழாக்குழு அதைத் தங்கள் இசைத்தொகுப்பில் சேர்க்கக் கேட்டது, சம்மதித்தாள்.

தொகுப்பு வந்தது. மற்றப் பதினொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயர் இருந்தது. அவளுடைய பாட்டுக்குக் கீழே மட்டும், "இலங்கை நாட்டார் பாடல்."

உடனே தொகுப்பின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர் சிரித்தார். "அவ்வளவு பழமையான உணர்வு அதில். பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்."

"அதில் காற்றாலை வருகிறது. பிராண்டே என்று மூன்று தடவை பாடுகிறேன்!"

"எங்களுக்குத் தமிழ் தெரியாதே."

"எனக்கு டெனிஷ் தெரியும். என்னைக் கேட்டிருக்கலாம்."

அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்று அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வீட்டில் அப்பா குருசுமுத்து சமாதானம் சொன்னார். "விடு பிள்ளை. எங்கட பாட்டைப் போட்டாங்களே, அதுவே பெரிய விசயம். சண்டை பிடிச்சால் பிறகு கூப்பிட மாட்டாங்கள்."

விக்ரோரியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன விடுறது? கால் வீங்க நிண்டது நான். பக்கத்தில இருந்து எழுதினது என்ர பிள்ளை. ஆரோ எந்தக் காலத்திலயோ பாடினதெண்டு போடுவாங்களோ? நீ விடாதை!"

கிளோறியா விடவில்லை. பாட்டின் வரிகளையும் டெனிஷ் மொழிபெயர்ப்பையும் விழாக்குழுவுக்கு அனுப்பினாள். இரண்டு வாரம் பதிலில்லை. பிறகு டெனிஷ் மொழிபெயர்ப்பு வரிகளோடு பாட்டைக் காணொளியாக இணையத்தில் போட்டு, நடந்ததையும் கீழே எழுதினாள். தொழிற்சாலைப் பெண்கள், டெனிஷ்காரிகளும் சேர்ந்து, அதைப் பரப்பினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அவளை அழைத்துப் பேசிய மறுநாளே விழாவின் இணையத்தளத்தில் அவள் பெயர் ஏறியது. மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது.

இந்த வருடமும் அழைப்பு வந்தது. இந்தமுறை சேலை உடுத்து வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மற்றக் கன்ட்ரி பாடகர்களிடமும் உடுப்பைப் பற்றிக் கேட்டீர்களா என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, அதே நாளுக்கு ஓல்போர்க் நகரில் ஒரு சின்ன மண்டபத்தில் பாட ஒப்புக்கொண்டாள்.

அறுபது பேர் வந்தார்கள். முன்வரிசையில் விக்ரோரியா. அந்தத் தமிழ்ப் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் இருந்த டெனிஷ்காரி, "உங்களுக்குப் பிடித்ததா?" என்று கேட்டார்.

"அது என்னைப் பற்றினது," என்றார் விக்ரோரியா டெனிஷில், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி.