ஆற்றங்கரையில் யாரும் பேசக் கூடாது

காஸ் விளக்குக்குக் காற்றடிக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் என் உடம்பு அசந்துபோகிறது. புஸ், புஸ்ஸென்று அந்த மூச்சு. கூடவே மண்ணெண்ணெய் நெடி, அரிதாரம், நனைந்த கீற்று. உத்தமபாளையத்து நாடகக் கொட்டகை மறுபடி என்மேல் இறங்கிவிடும்.

யுத்தத்துக்கு முந்தின காலம். ஒரு சரித்திரக் காதல் நாவலை, ஒரு வாரம் தொடர்ந்து ஆடும் நாடகமாக மாற்றித் தர நாடகக் கம்பெனிக்காரர்கள் என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். பகலில் எழுதுவேன். மை காயுமுன் ஒத்திகை, விளக்கேற்றினால் ஆட்டம். நாவலில் இளவரசன் பெருமூச்சு விட்டால் மேடையில் அது ஒரு பாட்டு. இளவரசி கடைக்கண்ணால் பார்த்தால் இரண்டு பாட்டு. தரை டிக்கெட்டுக்குக் கடைக்கண் தெரியாதே. அத்தியாயம் அத்தியாயமாக அந்தப் புத்தகத்தை உரித்துக்கொண்டிருந்தேன். உரிக்க உரிக்க எனக்குத்தான் தோல் போனது போலிருந்தது.

ஒரே இடத்தில் கை வரவில்லை. முல்லையாற்றங்கரையில் காதலர்கள் பிரிகிறார்கள். அவன் போருக்குப் போகிறான். திரும்ப மாட்டான் என்று இருவருக்கும் தெரியும். நான்கு பக்கம், ஒரு பேச்சில்லை. தண்ணீர் மட்டும் ஓடுகிறது.

ஆட்டம் பார்க்க மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய நாவலாசிரியர் கேட்டதும் அதைத்தான். "மத்ததெல்லாம் உங்க இஷ்டம். ஆத்தங்கரையில மட்டும் பேச்சும் கூடாது, பாட்டும் கூடாது. மீறினா நாளையிலேருந்து என் கதையைத் தொடாதீங்க."

போடியில் முந்தைய நாடகம் படுத்துவிட்டது. இந்தக் கதையும் போனால் கம்பெனி அடுப்பில் பூனைதான். ஏலக்காய் வியாபாரியான கொட்டகை கண்டிராக்டர் தலையில் கை வைத்தார்.

"ஏன்யா எழுத்துக்காரரே, மேடையில ரெண்டு பேரு சும்மா நின்னா, வசனம் மறந்துபோச்சுன்னுல்ல சனம் நெனைப்பாக?"

"ஒரு நாளு நிக்கட்டும்ணே."

"பொம்பளையாளுக களையெடுத்துட்டு வந்து உக்காந்திருக்காக. அழ வைக்கச் சொன்னா தூங்க வச்சிருவ போலயே!"

எனக்கும் அந்த மௌனம் வேண்டியிருந்தது. அந்த நான்கு பக்கமாவது உரிபடாமல் கிடக்கட்டும். மேடையில் சற்று இடைவெளி விழுந்தாலே ஆர்மோனியக்காரர் வாசித்து நிரப்பிவிடுவார். அதனால் அவர் மடியில் வெற்றிலைச் செல்லத்தை வைத்து, "இந்தக் காட்சி முடியிற வரைக்கும் கை இதுக்குள்ளதான் இருக்கணும்" என்றேன்.

காட்சி வந்தது. இடுப்பில் கட்டிய அட்டைக் குதிரையோடு ராஜபார்ட். எதிரே ஸ்திரீபார்ட், நான்கு பிள்ளைக்குத் தகப்பன், நீலப் பட்டில் அசையாமல் நின்றான். கொட்டகை மூச்சடங்கியது. சுருளி மலைக் காற்று படுதாவை ஒருமுறை தூக்கிப் போட்டது. நடந்துவிடும், நடந்துவிடும் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு கரகரத்த குரல்: "அடியே, கல்லு மாதிரி நிக்கிறியே! போகாதீகன்னு ஒத்த வார்த்தை சொல்லுடி!"

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்லு ஆத்தா! போனா வர மாட்டாக!"

ஜனம் கேட்டால் கொடுத்தே பழகியவன் ஸ்திரீபார்ட். 'ஒன்ஸ்மோர்' என்றால் செத்துக் கிடந்தவளும் எழுந்து பாடுவாள். திரும்பினான். "போகாதீர்கள், பிரபு!"

கொட்டகை குலுங்கியது. ராஜபார்ட் குதிரையோடு இரண்டடி திரும்பியே வந்துவிட்டான். அவன் போகாவிட்டால் போர் இல்லை. போர் இல்லாவிட்டால் மிச்ச நாள் ஆட்டமே இல்லை. ஆர்மோனியக்காரர் செல்லத்தை உதறிவிட்டு ஆர்மோனியப் பெட்டியில் கை வைத்தார். என்ன பாட்டென்று யாருக்கும் தெரியாது. பாடினார்கள், அழுதார்கள், மறுபடி கேட்டார்கள், மறுபடி பாடினார்கள். அப்புறம்தான் அவனைப் போருக்குப் போக விட்டார்கள். முன்வரிசை நாற்காலியில் நாவலாசிரியர் தலையைக் குனிந்திருந்தார்.

மறுநாள் காலை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை நடந்தேன். அவர் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

"கதையைத் திரும்ப எடுத்துக்கிறீங்களா?"

"சத்தம் போட்ட அந்தம்மா எந்த ஊரு?"

"அனுமந்தன்பட்டின்னு சொன்னாக."

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி உறுமியது. நாவலாசிரியர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"வருஷக்கணக்கா அந்த நாலு பக்கத்தை எழுதினேன். அந்த இளவரசிக்கும் பேசணும்னு இருந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. ஆட்டத்தை நடத்துங்க. பாக்க மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க."