பேத்தை மீன் கிடந்த கரை

மனைவி இறந்தபின் எனக்குத் துணை, எங்கள் நாய் மணிதான். சென்ற தை மாதம் பழவேற்காடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டு அவனுடன் இரண்டு நாள் தங்கத் திட்டமிட்டேன். அவனுக்கான உணவு, மருந்து, தடுப்பூசிச் சீட்டு எல்லாம் எடுத்துச் சென்றேன்.

காலையில் அவனை அவிழ்த்துவிட்டபோது, வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "கட்டிப் போடு சார். கரையெல்லாம் பேத்தை மீன் கெடக்குது, வெசம்" என்றார்.

"உங்க ஊர் நாயெல்லாம் சும்மாதானே திரியுது?" என்றேன்.

"அதுங்க மோந்து பாத்துட்டுப் பூடும். உன்னுது பிஸ்கட் துன்னு வளந்தது, அதுக்கு இன்னா தெரியும்?"

சிரித்துவிட்டு நடந்தேன். மணி மணலில் எதையோ கவ்வி மென்றதைப் பார்த்தும் தடுக்கவில்லை. சற்று நேரத்தில் அவன் கால்கள் தள்ளாடின. பொன்னேரி கால்நடை மருத்துவரிடம் ஆட்டோவில் விரைந்தோம். வழியிலேயே, என் முகத்தைப் பார்த்தபடி, அவன் என் மடியில் உயிரை விட்டான்.

இப்போது மாதம் ஒருமுறை அந்தக் கரைக்குப் போகிறேன். நாயுடன் வருகிறவர்களிடம் பேத்தையைப் பற்றிச் சொல்லி, கயிற்றை விடாதீர்கள் என்கிறேன். பிறகு அனுமதி கேட்டு, அந்த நாயின் தலையைச் சிறிது நேரம் தடவிக்கொடுக்கிறேன்.