கண் மூடிய போஸ்டர்

போன வாரம் சிஞ்ச்வட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எதிரே மின்கம்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். புனேக்காரர்களுக்கு இது புதிதல்ல. யாராவது காலமானால் மறுநாளே புகைப்படத்தோடு 'பாவபூர்ண ஷ்ரத்தாஞ்சலி' என்று தெருமுனையில் கட்டிவிடுவார்கள். நாமும் ஒரு பார்வை பார்ப்போம். நம்மைவிடச் சின்ன வயசா, பெரிய வயசா என்று மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவோம். இல்லையா?

அன்று என்னால் நகர முடியவில்லை.

படத்தில் ஒரு இளம்பெண். தலைக்கு மேலும் முகத்தின் இருபக்கமும் செண்டுமல்லிச் சரம். மஞ்சள் வெளிச்சம். கண்கள் நேராக என்னையே பார்த்தன.

அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தவன் நான். அந்தச் சரங்களைக் கட்டச் சொன்னவனும் நான்தான்.

இருபது வருஷத்துக்கு முன்பு நான் விளம்பரத் தொழிலில் இருந்தேன். அப்போது ஃப்ளெக்ஸ் புதிதாக வந்திருந்தது. கேசட்டும் சிடியும் சேர்ந்து விற்ற காலம். ஒரு பாட்டு ஆல்பத்துக்கு வீடியோ முதல் போஸ்டர் வரை எல்லாம் எங்கள் பொறுப்பு. என் கொள்கை ஒன்றுதான் — டிவியில் பார்த்ததையே சுவரிலும் பார்க்க வேண்டும், சுவரில் பார்த்ததையே கடையில் கேசட் அட்டையிலும் பார்க்க வேண்டும். ஒரே முகம், ஒரே நிறம், ஒரே பாவனை.

அந்த முகம் சுமதியுடையது. விமான் நகர் ஓட்டல் ஒன்றில் ரிசப்ஷனிஸ்ட். சிஞ்ச்வட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண். வீடியோவில் வாசல்படியில் சாய்ந்து, கண்ணை மூடிப் பாட்டைக் கேட்பாள். நிலைப்படி முழுக்கச் செண்டுமல்லித் தோரணம். எடுத்து முடித்ததும் யூனிட்டே கைதட்டியது.

அந்த ஒரு ஃப்ரேமையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டேன். ஆனால் டிவி அகலம், போஸ்டர் உயரம். பக்கங்களை வெட்டினேன். கதவு போயிற்று, நிலைப்படி போயிற்று. முகமும், அதைச் சுற்றிப் பூச்சரமும் மட்டும் மிஞ்சின.

வீடியோவில் அது வாசல் தோரணம். காகிதத்தில்...?

என்னோடு வேலை பார்த்த மிலிந்த் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், யே தோ ஷ்ரத்தாஞ்சலி லக் ரஹா ஹை." செத்தவர்களுக்கு வைக்கிற போஸ்டர் மாதிரி இருக்கிறதாம்.

"நல்லதுதானே! யாரும் மறக்க மாட்டார்கள்" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஊரெங்கும் ஒட்டினோம். கொஞ்ச நாளில் சுமதியும் அவள் அம்மாவும் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள்.

"உசுரோட இருக்கற பிள்ளைக்கு மாலையப் போட்டு ஊரெல்லாம் ஒட்டியிருக்கீங்களே சார்! காய் வாங்கப் போனா, கடைக்காரன் 'கதீ கேலி?'ங்கறான். எப்பப் போனா, எப்பப் போனான்னு கேக்கறான் சார். இவ என் பக்கத்துலயே நிக்கறா!"

சுமதி மெதுவாகப் பேசினாள். "ஸ்டேஷன்ல ஒரு பெரியவர் செருப்பைக் கழட்டிட்டு அதைக் கும்பிட்டார் சார். கீழ யாரோ ஊதுபத்தி வேற சொருகியிருக்காங்க. நானே ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டேன்... எனக்கே சந்தேகமா போச்சு."

"ஞாயித்துக்கிழமை கோவில்பட்டிலேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க சார்" என்றார் அம்மா. "ஸ்டேஷன்ல இறங்கினதும் இதைத்தான் முதல்ல பாப்பாங்க. கண்ணைத் தொறந்த மாதிரியாவது ஒண்ணு ஒட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

கண் திறந்த படமும் இருந்தது. அதே வாசலில் எடுத்தது, அதே அளவில் வெட்டிப் பிரிண்ட் போட்டுப் பார்த்ததுதான். ஸ்டேஷன் சுவரில் மட்டும் மாற்றுவது எனக்கு ஒரு காலை நேர வேலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடம் நடத்தினேன். "ஒரு இடத்தில் கண் திறந்து, இன்னொரு இடத்தில் கண் மூடி இருந்தால் பார்க்கிறவன் குழம்பிவிடுவான் அம்மா. எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். தொழில் அப்படி." சமாதானத்துக்கு அந்தக் கண் திறந்த பிரிண்டைச் சுமதியின் கையில் கொடுத்தேன். "இதை நீயே வைத்துக்கொள்."

அவள் வாங்கிக்கொண்டாள். தாங்க்ஸ்கூடச் சொன்னாள்.

கோவில்பட்டிக்காரர்கள் வந்தார்கள். ஸ்டேஷன் சுவரைப் பார்த்தார்கள். காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள் என்று மிலிந்த் மூலம் கேள்விப்பட்டேன். நான் போய் விசாரிக்கவில்லை. ஆல்பம் நன்றாக விற்றது. எல்லாம் ஒன்றுபோல இருந்ததாகக் கம்பெனிக்காரர்கள் பாராட்டினார்கள்.

அன்று சுமதியின் கையில் நான் கொடுத்த அந்தப் படம்தான் இப்போது மின்கம்பத்தில் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஃப்ளெக்ஸின் அடியில் அவர்கள் குடியிருக்கும் சொசைட்டியின் பெயர் இருந்தது. வழியில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனேன். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று பழக்கம். அம்மாதான் கதவைத் திறந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க சார். டெங்கு... ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரலை."

ஹாலில் அதே படம், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கீழே விளக்கு.

"வேற போட்டோவே இல்ல சார். அந்தப் பொண்ணு பாக்கற சமாச்சாரம் முறிஞ்சதுக்கு அப்புறம் கேமரா முன்னாடி நிக்கவே மாட்டேன்னுட்டா. கல்யாணப் பேச்சையும் எடுக்க விடலை. நீங்க குடுத்தது ஒண்ணுதான் இருந்துச்சு."

"நான் அன்றைக்கு மாற்றியிருக்க வேண்டும் அம்மா" என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். வேறென்ன செய்வது என்று தெரியாமல் மாலையை நீட்டினேன்.

அவர் மாலையைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் சார். நீங்கதான் அப்பவே போட்டுட்டீங்களே."