அத்தையின் நேர்காணலும் மாமாவின் பிரெஞ்சுக் காரும்

போன வாரம் கோலசிலாங்கூர் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு கூடை காய்கறியோடு கல்லாவில் நின்றுகொண்டிருந்தேன். பணம் கட்டக் கைப்பேசியைத் திறந்தால் ரகசிய எண் கேட்டது. போட்டேன். தப்பு என்றது. இன்னும் இரண்டு தடவை போட்டேன். அரை மணி நேரம் கழித்து வாருங்கள் என்று, ஏதோ பெரிய டாக்டரின் கிளினிக் மாதிரி மரியாதையாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. அரை மணி நேரத் தண்டனை எனக்குப் பழக்கமானதுதான். அதை முதலில் எனக்கு அறிமுகம் செய்துவைத்தது என் மாமாவின் கார்.

மாமா, அதாவது என் அத்தையின் கணவர், அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருந்த செம்பனைத் தோட்டத்தில் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுபவர். காலையில் ஆபீஸ் பியூன் வந்து மேசையைத் துடைக்கும்போதுகூட டிராயரைப் பூட்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். தோட்டத்து மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது தன் பழைய பிரெஞ்சுக் காரை மாமா தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்தக் காரைத் தோட்டத்தில் வேறு யாரும் வாங்க முன்வராததற்குப் பொறாமைதான் காரணம் என்று மாமா கடைசிவரை நம்பினார்.

அதன் கதவைத் திறந்தாலே ஒரு வாசனை அடிக்கும். வெயிலில் வெந்த பிளாஸ்டிக், மாமா பூசும் விபூதி, அத்தையின் தலைவலித் தைலம். மூன்றும் கலந்தால் என்ன வரும் என்று கேட்காதீர்கள். கியருக்குப் பக்கத்தில் சின்னக் கால்குலேட்டர் மாதிரி ஒரு எண்பலகை. சாவியைத் திருப்பி, நான்கு எண்களை அழுத்தி, பச்சை விளக்கு எரிந்தால்தான் என்ஜின் எழுந்திருக்கும். மூன்று தடவை தப்பாக அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பிக்கும். அப்புறம் சாவியைத் திருப்பி வைத்தபடியே அரை மணி நேரம் கும்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் பொறுமை இழந்து சாவியை அணைத்தால், தண்டனை முதலிலிருந்து.

"திருடன் தலைகீழா நின்னாலும் எடுக்க முடியாது லா" என்பார் மாமா. உண்மைதான். எடுக்க வேண்டும் என்று எந்தத் திருடனுக்கும் தோன்றியதில்லை. ஆனாலும் மாமா எண்ணை அடிக்கடி மாற்றுவார். அதை அழுத்தும்போது நாங்கள் எல்லாரும் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அத்தைக்கும் அதே சட்டம்தான்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் பிறப்புப் பத்திரம் என்று என் தாத்தா பதியாமல் விட்டுவிட்டார். அதனால் இதே மண்ணில் பிறந்து, இதே மண்ணில் களை பிடுங்கி, இங்கேயே கல்யாணம் கட்டி, நரைத்தும் போன அத்தையின் கையில் இருந்தது சிவப்பு ஐசி, குடிமக்கள் அல்லாதவர்களின் அடையாள அட்டை. அயல்நாட்டுக்காரி. எந்த அயல்நாடு என்பதுதான் யாருக்கும் தெரியாது. குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப் போட்டு, காத்திருந்து, மறுபடியும் போட்டு, கடைசியில் ஒருவழியாக ஷா ஆலத்தில் நேர்காணல் என்று அழைப்பு வந்தது. அன்றைக்குப் போகாவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து என்று சொல்லியிருந்தார்கள்.

நான் அப்போது ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அத்தைக்கு மலாய் வராது, படித்த பெண் கூட இருந்தால் நல்லது என்று என்னை லீவு போடச் சொன்னார்கள். படித்த பெண் என்ற பட்டம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? போட்டேன்.

மாமா ஒரு மாதமாக அத்தைக்குப் பாடம் நடத்தியிருந்தார். சுல்தான் பெயர், மந்திரிகள் பெயர், நாட்டின் கோட்பாடுகள். அவர் குச்சி எடுக்காத குறை. அவர் கேட்கக் கேட்க அத்தைக்குத் தெரிந்ததும் மறந்துபோனது.

நேர்காணலன்று காலை மாமா அசாம் ஜாவாவில் ஒரு சாப்பாட்டுக்கடை முன்னால் காரை நிறுத்தினார். "வெறும் வயித்துல மலாய் வராது, வா" என்றார். தோசையும் தே தாரிக் டீயும் ஆனது. திரும்பி வந்து ஏறினோம். நானும் அத்தையும் வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பச்சை விளக்கு எரியவில்லை. மாமா இருமினார். மறுபடி அழுத்தினார். மறுபடி. சிவப்பு மின்னியது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நேத்துதான் நம்பர மாத்துனேன். காலையில வீட்டுல சரியாத்தான் அழுத்துனேன், இப்ப வரல."

"என்னன்னு மாத்துனீங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சும்மா உக்காந்திருக்கேன்?"

உட்கார்ந்திருந்தோம். நான் என் படிப்பைக் காட்டும் நேரம் வந்தது என்று டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து காரின் கையேட்டை எடுத்தேன். முழுக்கப் பிரெஞ்சு. படங்களை மட்டும் பார்த்துவிட்டு, ரொம்பப் புரிந்தவள் மாதிரி தலையாட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது, மாமா ஒரு யோசனை வந்து சாவியை அணைத்துத் திருப்பினார். தண்டனை முதலிலிருந்து தொடங்கியது.

ஒருவழியாக அரை மணி முடிந்ததும் மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நம்ம கல்யாணத் தேதியாத்தான் இருக்கும்" என்று, எண்களைச் சத்தமாகச் சொல்லியே அழுத்தினார். பச்சை எரியவில்லை.

அத்தை மெதுவாகத் திரும்பினார். "நம்ம கல்யாணம் ஆவணியில. நீங்க போட்டது யார் கல்யாணத் தேதி?"

மாமா ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். "அத்த பொறந்த தேதியப் போட்டுப் பாருங்க மாமா."

"எனக்கு ஏதுடி பொறந்த தேதி? ஜனவரி ஒண்ணுன்னு எவனோ எழுதி வச்சிருக்கான்."

அதையும் போட்டார். அதுவும் இல்லை. அடுத்து என் தலையெழுத்தா, காரின் பதிவு எண்ணா என்னவோ ஒன்றைப் போட்டார். விளக்கு மறுபடி மின்ன ஆரம்பித்தது.

அத்தை சிறிது நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பட்டுப் புடவையோடு சாலையோரம் போய் நின்று, கைப்பையை உயரத் தூக்கி ஆட்டினார். செகிஞ்சானிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வந்த லோரி ஒன்று சீறிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் பனியன் போட்ட வயதான சீனர். "ஆண்ட்டி, மாவ் பெர்கி மானா?" என்று, எங்கே போகிறீர்கள் என மலாயில் கேட்டார். ஷா ஆலம் என்றார் அத்தை. கிடங்குக்கு அவரும் அங்கேதான் போகிறாராம்.

"நீங்களும் வாங்க" என்றார் அத்தை மாமாவிடம்.

"வண்டிய விட்டுட்டா? எவனாச்சும் எடுத்துட்டுப் போயிட்டா?"

"எடுக்கறவன் அந்த நம்பரயும் சொல்லிட்டுப் போவட்டும்!"

மாமா காரைவிட்டு நகரவில்லை. லோரியின் முன் இருக்கையில் ஓட்டுநரோடு அத்தையும் நானும் நெருக்கி உட்கார்ந்தோம். மொழிபெயர்க்கத் தயாராக நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். தேவைப்படவில்லை. இந்தப் பருவம் நெல் எப்படி என்று அத்தை கேட்க, எலித் தொல்லை என்று அவர் சொல்ல, அவர் மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் வீட்டுக்குப் பேசுவதே இல்லை என்பதுவரை வந்துவிட்டார்கள். சந்தையிலும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும் பிடித்த மலாய். இலக்கணம் தாறுமாறு, ஆனால் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா பக்கத்தில் இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் என்னை உள்ளே விடவில்லை. நேரம் கடந்துதான் போயிருந்தோம். கெஞ்சிய பிறகே அத்தையைக் கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவருக்குப் பதிலாக நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தையின் சிரிப்பு மட்டுமல்ல.

"என்ன கேட்டாங்க அத்த?"

"ஏன் லேட்டுன்னு கேட்டாங்க. சொன்னேன். அந்த ஆபீசரம்மா புருசனும் இப்படித்தானாம்."

"சுல்தான் பேரு?"

"அதெல்லாம் யாரு கேட்டா?"

மத்தியான வெயிலில் வாசலுக்கு வந்தால், எதிரே பிரெஞ்சுக் கார் உறுமிக்கொண்டு நின்றது. இனி என்ஜினை அணைக்க மாமாவுக்குத் தைரியம் இல்லை. சட்டையெல்லாம் வேர்வை. ஓடி வந்து என்னிடம்தான் சொன்னார், அத்தையின் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னிக்கித் தேதி, பாப்பா! இந்த நாள மறக்கவே கூடாதுன்னு நேத்து அதத்தான் போட்டு வச்சேன். கடைக்காரன் நாள்காட்டியக் கிழிக்கறப்பதான் ஞாபகம் வந்துச்சு."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஒரு பெரிய சண்டைக்குத் தயாரானேன்.

"ஏதாச்சும் சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

நீல ஐசி வர அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆனது. வந்தது. பிறந்த நாள் அதிலும் ஜனவரி ஒன்றுதான். மாமா காரின் எண்ணை அப்புறம் மாற்றவே இல்லை. அத்தை கதையைத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சொன்னதில் அந்த எண் தோட்டத்துக்கே தெரிந்துபோனது. யாருக்காவது பிரசவ வலி என்றால் மாமாவைக்கூட எழுப்பாமல் சாவியை மட்டும் வாங்கிப் போவார்கள். மாவட்டத்திலேயே பாதுகாப்பான காரின் ரகசிய எண்ணைப் பால்காரர் மனப்பாடமாகச் சொல்வார்.

மாமா போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடமே அத்தையும். காரைப் பழைய இரும்புக்காரன் சங்கிலி கட்டி இழுத்துப் போனான். செம்பனையை வெட்டி, லயங்களை இடித்து, அந்த இடத்தில் இப்போது மதில் வைத்த வீடமைப்பு வந்துவிட்டது. ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது பார்க்கலாம் என்று காரைத் திருப்பினேன். தடுப்புக் கம்பத்தருகே நேப்பாளிக் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். யாரைப் பார்க்க வந்தீர்கள், எந்த வீடு என்று தடுமாறிய மலாயில் கேட்டார்.

வாயைத் திறந்தேன். சொல்ல ஒரு பெயரும் இல்லை. வண்டியைத் திருப்ப இடம் வேண்டுமே, அவரே முன்னால் வந்து நின்று, பின்னால் போ, பின்னால் போ என்று கையசைத்து எனக்கு உதவினார்.