ராஜாவை நாற்காலியில் ஏற்றியவன்

சாத்தாங்காட்டில் இரண்டு இரும்புக் கடை, திருவொற்றியூரில் மாடி வீடு, மூன்று பெண்களுக்குக் கல்யாணம், அம்மன் கோயிலுக்கு ஒரு மண்டபம். நாலாம் வகுப்போடு நின்றவன், ராயபுரம் இரும்புப் பட்டறையில் பாரம் தூக்கினவன் செய்தது இத்தனையும். இதை யாரும் மறுப்பதில்லை. ஒன்றை மட்டும் எனக்குத் தர மறுக்கிறார்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. வெள்ளைக்கார ராஜா பட்டத்துக்கு வந்து பத்தாண்டு ஆனதைப் பட்டறையில் கொண்டாட வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். ஊரெல்லாம் சுதந்திரப் பேச்சாக இருந்த நேரம். ஆனாலும் கூலி கொடுப்பவர் சொல்லிவிட்டாரே. ஏற்பாடெல்லாம் எங்கள் மேஸ்திரி தலையில் விழுந்தது. நல்ல மனிதர்தான், அவசரத்தில் மட்டும் புத்தி வேலை செய்யாது. மரியாதை குறையக் கூடாதென்று ராஜாவின் படத்தைச் சுவரில் சாய்த்து, சாமந்தி மாலை போட்டு, முன்னால் விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றிவிட்டார்.

லட்டு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்த என் அத்தை படத்தைப் பார்த்ததும் மீன்கூடையைக் கீழே போட்டாள்.

"அடப் பாவமே, எப்படா பூட்டாரு? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவ்வளவுதான். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தலையை விரித்து, ராஜாவுக்கு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். மேஸ்திரிக்கு வேர்த்துக் கொட்டியது.

"டேய், தொரை காரு கேட்டாண்ட வந்துகினு கீதுடா! என் வேல பூட்ச்சுடா!"

நான் விளக்கை நகர்த்தினேன். மாலையைக் கழற்றினேன். துரையின் நாற்காலியையே இழுத்து வந்து ராஜாவை அதில் உட்கார வைத்து, கூட்டாளிகளோடு தோளில் தூக்கினேன்.

"அத்தே, ராசா கல்லாட்டம் கீறாரு! பட்டம் கட்டிக்கினு பத்து வருசம் ஆவுதுன்னுதான் இந்தக் கூத்து. கண்ணு பட்டுரும், ஆலாத்தி எடு!"

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடா, கய்தே!" என்று மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, அத்தை மஞ்சள் தண்ணீர் கரைக்க எழுந்தாள்.

துரை இறங்கியபோது ராஜா ஊர்வலம் வந்துகொண்டிருந்தார், பெண்கள் ஆலத்தி சுற்றிக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பாக, யார் ஏற்பாடு என்று கேட்டார். மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டு, "நம்ம ஏற்பாடுதான் தொரை" என்றார். நாற்காலிக் கால் என் தோளெலும்பை அழுத்திக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அவர் பெரிய மேஸ்திரி.

போன மாதம் ராயபுரத்தில் அவருக்கு வருஷா வருஷம் நடக்கும் நினைவுக் கூட்டம். பந்தல் என் செலவு. அவருடைய பேரன் மேடையேறி இதே கதையைச் சொல்லி, தாத்தாவின் சமயோசிதம் என்றான். ஒரே கைதட்டல். நான் எழுந்தேன். பெரியவர் உணர்ச்சிவசப்படுகிறார் என்று ஒரு சால்வையைப் போர்த்தி உட்கார வைத்துவிட்டார்கள்.

சால்வை எனக்கு வேண்டாம், பீரோ நிறையக் கிடக்கிறது. மேஸ்திரியைக் குறை சொல்லவும் இல்லை. என்னை வேலைக்குச் சேர்த்தவர் அவர். ஆனால் அடுத்த வருஷம் அந்த மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அன்றைக்குப் படத்தைத் தூக்கியவன் இவன்தான் என்று என்னைக் கை காட்டிச் சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்ல வேண்டும்.