வெண்காரம் பூசிய கொடி

பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள் நான். தாலிக்கும் ஒருவருடைய ஆயுளுக்கும் சம்பந்தமில்லை என்று வெள்ளவத்தை முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கணவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடக்கவிருந்ததற்கு முதல்நாள் காலையில் என் தாலிக்கொடி அறுந்து கையோடு வந்தபோது அபசகுனமென்றுதான் நினைத்தேன். வெட்கமாகவும் இருந்தது. கொடியில்லாமல் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்ற வழக்கப்படி மஞ்சள் துண்டொன்றை நூலில் கட்டிப் போட்டுக்கொண்டு, ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன்.

அங்கே எங்களுக்கு நகை செய்து தருகிற பத்தர் அறுந்த வளையத்தைப் பொருத்தி, வெள்ளைத் தூளொன்றைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார். வெண்காரம். போரன் சேர்ந்த உப்பு. கண்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பவுண் ஒக்சிசனோட சேராதே. பிறகேன் இது?"

அவர் நிமிரவேயில்லை. "சுத்தப் பவுணில ஆர் டீச்சர் கொடி செய்யினம்? இதுக்குள்ள செம்பு கிடக்கு. சூடாக்கினா அது கறுக்கும். கறுத்தா ஒட்டாது."

கலப்புலோகப் பாடம் நடத்துகிற எனக்கு இது தேவைதான். கிட்டக் குனிந்து பார்த்தேன். தீ பட்டதும் வெண்காரம் பொரிந்து உப்பியது. பிறகு அடங்கி, கண்ணாடியாக உருகி மூட்டின்மேல் பரவியது. காற்றை உள்ளே விடாமல் மூடியபடியே செம்பின் கறுப்பையும் தனக்குள் கரைத்துக்கொண்டது. மூட்டைப் பற்றவைக்க அவர் வைத்திருந்த பொன் துணுக்கு உருகிப் பளிச்சென்று ஓடி இடைவெளிக்குள் புகுந்தது. இத்தனை வருடமாக இதை இரண்டு வரியில் சொல்லிக் கடந்துபோன என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பொரளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். என் இரசாயனவியலுக்குக் கல்யாணமான நாள்தொட்டுக் கொட்டாவி விட்ட மனிதர், "போரன் வேற என்னத்துக்கு உதவும்? சொல்லும்" என்றார். அவருடைய விரல்கள் போர்வையைக் கசக்கிக்கொண்டிருந்தன. பயந்துபோயிருக்கிறார் என்று விளங்கியது.

சொன்னேன். கேக் சுடுகிற அவணிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரம் வெடிக்காமல் இருப்பது அதில் போரன் கலந்திருப்பதால். சூட்டில் அவ்வளவாக விரியாது. கரம் போர்டில் தூவுகிற பவுடரும் போரன் சரக்குத்தான்.

"அதுவுமோ?" என்றார். கரம் விளையாட உட்கார்ந்தால் சோற்றையே மறக்கிறவர்.

துளி போரன் கிடைக்காவிட்டால் தென்னங்குருத்து ஒழுங்காக விரியாது. இரும்போடும் நியோடிமியத்தோடும் சேர்ந்தால், ஃபோன் ஸ்பீக்கருக்குள் இருக்கிற குட்டிக் காந்தம். காபனோடு சேர்ந்தால் தோட்டாவைத் தடுக்கிற தகடு. அணு உலையில் சீறுகிற நியூத்திரனையும் விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். சொல்லச் சொல்ல எனக்கே பெருமையாக இருந்தது, ஏதோ நான் பெற்ற பிள்ளை மாதிரி.

அவரை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்தது. அவர் என் கையை விடாமல், "இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தோடு முடிந்திருந்தது. "அரைவாசிகூட முடியேல்லை" என்றேன். "வந்து மிச்சத்தைக் கேளுங்கோ."

சிகிச்சைக்கூடத்தின் கதவு மூடியதும் வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து, மருந்துச் சிட்டையின் பின்பக்கத்தில் போரனைப் பற்றி ஃபோனில் கிடைத்ததையெல்லாம் எழுதத் தொடங்கினேன். அவர் கண் விழிப்பதற்குள் இன்னும் அரைவாசி தேட வேண்டியிருந்தது.